திருமுதுகுன்றத்து அடைக்கலப் பொருள்கள்

தில்லையம்பதியில் மண்வினைஞர் குலத்திலே தோன்றி, அடியார்க்குத் திருவோடு வனைந்தளித்து வாழ்ந்த திருநீலகண்ட நாயனாரின் சரிதத்தை நம் குலத்திற் பிறந்தார் அறியாதிருத்தல் இயலாது. சிவயோகி ஒருவர் வந்து தம் ஓட்டினை நாயனாரிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றதும், அவ்வோடு வைத்த இடத்திற் காணாமற் போனதும், யோகியார் மீண்டு வந்து அதனைக் கேட்ட காலத்து நாயனார் மனங்கலங்கி நின்றதும், பின்னர் நிகழ்ந்தனவும் சேக்கிழார் பெருமான் வாக்கால் நாடறிந்தவை. இளமையில் இச்சரிதத்தைப் பாடமாகப் படித்த காலத்து நாயனாரின் இல்லற நெறியையும் சபத உறுதியையும் மட்டுமே நாம் போற்றினோம். நாற்பதாம் ஆண்டைக் கடந்த பின்னரே பிறிதொரு செய்தி நம் நெஞ்சில் தைத்தது. காணாமற் போன ஓட்டிற்கு ஈடாக நல்லதோர் ஓடு தருவதாக நாயனார் சொல்லவும், யோகியார் அதனை ஏலாது, பொன்னாற் செய்து தரினும் வேண்டேம், யாம் வைத்ததே வேண்டும் என்று மறுத்தார் அல்லரோ! அடைக்கலப் பொருளுக்கு ஈடு என்பது இல்லை. அதனைக் காத்தல் வேண்டும். காணாமற் போயின், இன்னது போயிற்று என்று அடையாளமாவது சொல்லத் தெரிதல் வேண்டும். இவ்விரண்டிலும் நம் ஊரினராகிய நாம் தவறியதையும், தவறிய நமக்கு அயலார் சிலர் எடுத்து வைத்த பழம் புகைப்படங்கள் துணைநின்றதையும் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

விருத்தாசலம் என இன்று வழங்கும் நம் ஊர் பழமலை எனவும் திருமுதுகுன்றம் எனவும் பெயர் பெற்றது. மணிமுத்தாற்றின் கரையில் உள்ளது. தேவார ஆசிரியர் மூவரும் பாடிய தலம். பிற்காலத்தார்க்கு இவ்வூர் பீங்கானால் அறிமுகமாயிற்று. இப்பகுதி மண்ணின் தகுதி கண்டு இங்குப் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் நிலையமும் அமைந்தன. கார்த்திகைக்கு அகலும் கொலுவுக்குப் பொம்மையும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. சக்கரத்தை விட்டு அச்சு வார்ப்புக்கு மாறிய நம்மவர் பலர் இத்தொழிலால் உண்டு உடுத்து, பிள்ளைகளையும் கற்பித்தனர். நம்மைக் கற்பித்ததும் சூளைக் காசேயாம்.

விருத்தகிரீசுவரர் திருக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர், கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழனின் அன்னையாருமாகிய செம்பியன் மாதேவியார். இத்திருப்பணி கி.பி. 981 அளவில் நிகழ்ந்ததென்பர். அவ்வம்மையார் எடுப்பித்த தளிகளில் கருவறைச் சுவர்களின் புறத்தே கோட்டங்கள் அமைத்து, அவற்றில் கற்படிமங்களை எழுந்தருளுவித்தல் மரபு. சிவபெருமானும் உமையம்மையும் ஒரு மேனியராய் நிற்கும் மாதொருபாகர் படிமம் அக்கோட்டத் தெய்வங்களுள் ஒன்று. நம் ஊர்க் கோயிலிலும் அத்தகைய மாதொருபாகர் ஒருவர் நின்றார். அரிமா முகமும் பெண்மேனியும் கொண்ட சக்தி ஒருத்தியின் படிமமும் இக்கோயிலில் இருந்தது. நரசிம்மி என்பாரும் பிரத்தியங்கிரை என்பாரும் உண்டு.

இவ்விரண்டும் இவ்வூரை விட்டுப் போயின. எந்நாள் போயின என்று ஊரார் எவரும் திட்டமாகச் சொல்ல நாம் கேட்டிலோம். போன இடத்தின் கணக்கோ, வாங்கியவர் ஏட்டில் நாளோடும் விலையோடும் உளது. மாதொருபாகரை 2004 ஆம் ஆண்டில் சிட்னி நகரத்திலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 3,00,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அரிமா முகத்து அம்மையை 2005 இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2,47,500 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் ஒருவரே. நியூயார்க்கு நகரத்தில் பழங்கலைப்பொருள் விற்பனை நிலையம் நடத்திய சுபாஷ் கபூர் என்பவர் அவர்.

பெருங்கலைக்கூடத்தார் ஒரு பொருளை வாங்குங்கால், அது முன்னர் யாரிடம் இருந்தது என்பதற்குச் சான்று கேட்பது வழக்கம். மாதொருபாகருக்கும் சான்று காட்டப்பட்டது. 1970 ஆம் ஆண்டிலேயே தில்லிக் கடை ஒன்றில் அப்படிமம் முறையாக விற்கப்பட்டது போலத் தோன்றும் பற்றுச்சீட்டு அது. அன்பர்கள் அவ்வாண்டினைக் கருதுக. பண்பாட்டுப் பொருள்களைக் களவாகக் கொண்டுசெல்வதைத் தடுக்க ஐக்கிய நாடுகள் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது 1970 இன் இறுதியில். நம் நாட்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1972 இல் இயற்றப்பெற்று 1976 இல் நடைமுறைக்கு வந்தது. பழம்பொருளை வெளிநாட்டிற்கு அனுப்ப உரிமம் வேண்டும் என்னும் விதி 1947 முதலே நம் நாட்டில் உண்டு எனினும், உலகத்துக் கலைக்கூடங்கள் எல்லைக் கோடாகக் கொண்டது 1970 ஐயே. ஆகலின் அக்கோட்டிற்கு முன்னரே பொருள் கைமாறியது என்று காட்டும் தாள் ஒன்று கிடைத்தால் வாங்குவோர் மனம் அமைதியுறும். ஒரு சிறு தாளில் ஓர் ஆண்டினை எழுதிவிட்டால், ஆயிரமாண்டு நின்ற தெய்வம் அதன் கோட்டத்தை விட்டு இறங்கிவிடுகின்றது!

அத்தாளைப் பொய்யாக்கியது வழக்கறிஞர் வாதம் அன்று. ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்றொரு கலாநிலையம் உளது. 1955 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் ழான் பிலியோசா என்னும் வடமொழி தமிழ் வல்லுநர். அந்நிறுவனத்தாரும், தூரகிழக்கு நாடுகளைப் பற்றி ஆராயும் பிரெஞ்சுப் பள்ளியினரும் கூடி 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகச் சென்று படமெடுத்து வந்தனர். விமானம், தூண், கோட்டம், கோட்டத்துப் படிமம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, ஊர்ப்பெயரும் கோயிற்பெயரும் பொருளின் பெயரும் எடுத்த காலமும் குறித்து அடுக்கி வைத்தனர். இன்று அப்படங்கள் ஏறத்தாழ 1,60,000 என்பர். மூலச்சுருள்கள் காலத்தாற் கெடுமுன் அவற்றைக் கணினியில் ஏற்றி மின்னுருவாகவும் சேமித்தனர். அந்நிறுவனத்தாரும் அப்பள்ளியினரும் தொகுத்துக் காத்த சைவ ஓலைச்சுவடிகள் 2005 இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பெற்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அப்படம் எடுப்போர் 1974 இல் நம் ஊர்க் கோயிலுக்கும் வந்தனர். எவரும் அதனைப் பெரிதாகக் கருதியிரார். வெயிலில் மூன்று காலிக் கருவி ஒன்றை நிறுத்திச் சுவரைப் படம் பிடிப்பாரைக் கண்டு, இவர்க்கு வேறு வேலையில்லை போலும் என்று திருக்குளத்துப் படியில் இருந்தவர் நகைத்திருக்கவும் கூடும். அந்தப் படங்களில் மாதொருபாகர் தம் கோட்டத்தில் நின்றார். அரிமா முகத்து அம்மையும் இருந்தாள். 1970 இலேயே தில்லியில் விலைபோன படிமம் 1974 இல் விருத்தாசலத்துச் சுவரில் நிற்பது எங்ஙனம்? கேள்வி ஒன்றே. விடையும் ஒன்றே.

2013 ஆம் ஆண்டில் இவ்வொப்பீடு வெளிப்போந்தது. சிங்கப்பூரில் கப்பல் வாணிகத் துறையில் பணிபுரிந்துகொண்டே சிற்பங்களைப் பற்றி எழுதிவந்த ச. விஜயகுமார் என்னும் தமிழரும், சேசன் பெல்ச் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரும் இதனை உலகறியச் செய்தாருள் முதன்மையானவர். இத்தகைய ஒப்பீட்டில் முகத்தின் அழகு சான்றாகாது. ஒரு காலத்துச் சிற்பியர் வடித்த முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் இயல்பு. முறிந்த விரல், மூக்கின் நுனியிற் பெயர்ந்த சில்லு, பீடத்தின் ஓரத்துப் பிளவு ஆகிய ஊனங்களே பொருளைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு படிமங்கள் ஒரே அழகுடையனவாக இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே வகையாக உடைந்திருத்தல் அரிது. குடத்தின் அழகைக் கொண்டன்றி அதன் வாயிலுள்ள சிறு நெளிவைக் கொண்டே இது நம் சூளைக் குடம் என்று கண்டறிவது நம் பாட்டிமார் வழக்கமன்றோ?

மாதொருபாகர் 2014 செப்டம்பர்த் திங்களில் நாடு திரும்பினார். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோய்க் கான்பெராவில் இருந்த நடராசர் செப்புத்திருமேனியும் உடன் வந்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட் புது தில்லியில் இவ்விரண்டனையும் நம் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்புவித்தார். அரிமா முகத்து அம்மை 2016 செப்டம்பரில் ஒப்படைக்கப்பெற்றாள். கபூர் என்பார் 2011 அக்டோபரில் செருமனியிற் பிடிபட்டு, 2012 சூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பெற்றார். உடையார்பாளையம் வரதராசப் பெருமாள் கோயிற் களவு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவர்க்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது.

இச்செய்தியை நாளிதழில் முதன்முதற் படித்த நாளில் நாம் உற்ற நாணத்தை மறைப்பதிற் பயனில்லை. நாம் பிறந்தது இவ்வூர். பள்ளிப் பருவத்தில் தேர்வுக்கு முன்னும் பின்னும் ஆழத்துப் பிள்ளையாரை வணங்கி, பிராகாரத்தை வலம் வந்தவர். தமிழ்ப்புலவர் வகுப்பிற் படித்த காலத்தில் மூவர் பதிகங்களையும் இக்கோயிற் படிகளிலமர்ந்து நெட்டுருச் செய்தவர். ஆயினும், அக்கோட்டத்தில் நின்ற படிமத்தின் வலக்கை எவ்வாறிருந்தது, இடப்பாகத்து ஆடை எதுவரை தொங்கியது, நந்தி உண்டா இல்லையா என எவரேனும் வினவியிருப்பின் வாய்திறந்திருக்க மாட்டோம். ஆயிரம் முறை கண்டோம். ஒரு முறையும் பார்த்திலோம். தெருவிலுள்ள முதியோர் நால்வரை வினவினோம். ஒருவர் அங்கே தட்சிணாமூர்த்தி இருந்தார் என்றார். மற்றொருவர் துர்க்கை என்றார். மூன்றாமவர், அதனைக் கேட்டு உனக்கு என்னடா ஆகவேண்டும் என்று சினந்தார். நான்காமவராகிய ஒரு மூதாட்டியார் மட்டும், பாதி ஆண் பாதி பெண்ணாக ஒரு சாமி உண்டு, மணமான புதிதில் மாமியார் அங்கு விளக்கிடச் சொன்னார் என்று கூறினார். அவர் சொல்லே சரி. எனினும் அச்சொல்லை எந்த நீதிமன்றத்தில் எந்தக் கலைக்கூடத்தார் முன்னிலையில் நிறுத்துவது?

இவ்விடத்தில் நம் தலத்து வரலாறே ஒன்று நினைவுக்கு வருகின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் முதுகுன்றத்தீசர்பால் 12,000 பொன் பெற்று, அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதை யாவரும் அறிந்தது. ஆற்றிலிட்டுக் குளத்தில் தேடுதல் என்னும் பழமொழி அதிலிருந்தே பிறந்தது. ஆயினும் அப்பழமொழியைச் சொல்வோர் மறந்துவிடும் நுட்பம் ஒன்று பெரியபுராணத்தில் உளது. நாயனார் பொன் முழுதையும் ஆற்றில் இட்டுவிடவில்லை. சிறு துண்டு ஒன்றை மச்சமாக வெட்டித் தம் கையில் வைத்துக்கொண்டே எஞ்சியதை இட்டார். திருவாரூரிற் பொன் வெளிப்பட்ட பின், அம்மச்சத்தோடு உரைத்துப் பார்த்தமையாலன்றோ மாற்றுக் குறைந்திருத்தல் தெரிந்தது! இறைவனிடத்தே அளவிறந்த உரிமை பூண்ட தம்பிரான் தோழரே மச்சம் வைத்துக்கொண்டார் எனின், களவர் நிறைந்த உலகில் வாழும் நாம் அதனை வையாது விட்டது எத்தகைய பேதைமை! பிரெஞ்சுக்காரர் எடுத்த புகைப்படம் நமக்காக அவர் வெட்டி வைத்த மச்சம். ஆற்றில் போன பொன் கடல் கடந்து சிட்னிக் குளத்தில் வெளிப்பட்டபோது, அதனோடு உரைத்துப் பார்த்தே உண்மை தெளியப்பட்டது.

மச்சம் பொன்னாகாது, படமும் படிமமாகாது. இதனை நாம் மறுக்கவில்லை. கணினியில் எல்லாம் ஏற்றிவிட்டோம், இனி மூலம் எக்கேடு கெட்டால் என்ன என்னும் மனப்பான்மை சிலரிடம் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றது. கல்வெட்டைப் படமெடுத்து விட்டமையால் சுவரை மணல் வீசித் துலக்கலாம் என்று ஒரு கும்பாபிடேகக் குழுவினர் பேசக் கேட்டோம். யோகியார் பொன்னோட்டையும் மறுத்ததை அவர்க்கு நினைவூட்ட விரும்புகின்றோம். மின்னுருவம் காவலாளி கையிலுள்ள விளக்கைப் போன்றது. விளக்கிருப்பதால் காவலாளி உறங்கலாம் என்று யாரும் சொல்லார்.

வேறு சிலர், படமெடுத்தால் தெய்வ சாந்நித்தியம் குறையும் என்பர். கருவறை மூலவரைப் பற்றிய ஆகம மரபில் நாம் தலையிடோம். ஆயினும் வெளிச்சுவர்க் கோட்டமும் தூணும் தேரின் மரச்சிற்பமும் நாள்தோறும் யாவரும் காண நிற்பவை. இன்னும் சிலர், படம் பரவினால் கள்வர்க்கு வழிகாட்டியதாகும் என்று அஞ்சுவர். இவ்வச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் கபூர் வழக்கில் வெளிப்பட்டது வேறு. களவுபோன திருமேனிகளைக் கள்வர் தாமே படமெடுத்து வாணிகர்க்கு அனுப்பியுள்ளனர். கள்வனிடம் படம் இருக்க, உடையவனிடம் இல்லாதிருந்ததே நம் கேடு. யாவரும் காணத்தக்கது இது, ஊர்க்காவலில் மறைத்து வைக்கத்தக்கது இது என்று பகுத்து வைத்தலே தகும்.

நிற்க. படி எடுத்து வைத்தல் மேனாட்டாரிடம் நாம் கற்ற புதுமை என்று எண்ணுவார்க்கு நம் கோயிலை எடுப்பித்த அம்மையாரையே சான்றாகக் காட்டுவோம். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கருங்கல்லாற் புதுப்பித்த காலத்து, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளை அழியவிடாது புதிய சுவரில் மறுபடியும் வெட்டுவித்தார். அவ்வாறு வெட்டியவற்றில், இது பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் பொறிக்கச் செய்தார். பல்லவர் பாண்டியர் காலத்துச் செய்திகள் இன்று நமக்குக் கிட்டுவது அவ்வம்மையாரின் அச்செயலால். எதை மாற்றுகின்றோமோ அதனைப் படியெடுத்த பின்னரே மாற்றுதல், படி என்பதைப் படி என்றே எழுதி வைத்தல் என்னும் இரண்டு நெறிகளும் பத்தாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் ஓர் அரசமாதேவியால் கைக்கொள்ளப்பெற்றவை. இன்று கணினித் துறையார் பெரிய பெயரிட்டுச் சொல்லும் விதிகள் இவற்றின் வேறல்ல.

ஓலைச்சுவடிக்கும் இதுவே கதி. நம் நாட்டு வெப்பத்திலும் செல்லரிப்பிலும் ஓர் ஓலை சில நூற்றாண்டே தாங்கும். சங்கநூல்கள் இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்தது ஓலையின் வலிமையாலன்று, தலைமுறைதோறும் எழுதியெழுதி மாற்றிய கைகளின் உழைப்பால். எழுதுவார் அருகிய காலத்தே மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து எஞ்சியவற்றை அச்சேற்றினார். அவர் பெயரால் 1943 இல் சென்னையில் எழுந்த நூல்நிலையத்தில் அச்சுவடிகளை இன்றும் காணலாம். எழுதுவார் கையும் ஓய்ந்து அச்சேற்றுவாரும் வராத சுவடிகள் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டன. நம் பாட்டனார் வைத்திருந்த வைத்தியச் சுவடிக் கட்டு ஒன்றும் மணிமுத்தாற்றிற் போயிற்று. அதில் என்ன இருந்தது என்று வினவினால், மஞ்சட்காமாலைக்கு ஏதோ இருந்தது என்று தந்தையார் சொல்வார். மச்சம் வைக்கவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சு நூல்களும் பத்திரிகைகளும் துண்டு விளம்பரங்களும், 1992 இல் அவர் மறைந்த பின் சிதறாமற் காக்கப்பெற்று, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆய்வு நூலகமாயின. யாழ்ப்பாணத்துப் பொதுநூலகமோ 1981 சூன் முதல்நாள் இரவில் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. படியில்லாதவை மீளவில்லை. அந்த வடு ஆறாத ஈழத்தமிழர் 2005 முதல் நூலகம் என்னும் பெயரால் மின்னூலகம் அமைத்துத் தம் நூல்களைப் படியெடுத்து வருகின்றனர். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தால், பழந்தமிழ் நூல்கள் பல கட்டணமின்றி யார்க்கும் கிடைக்கின்றன. நம் மாணாக்கர் கைப்பேசியில் பெரியபுராணத்தைத் தேடி எடுத்துக் காட்டும்போது, நூலகத்திற்கு நாம் நடந்த நாள்களை எண்ணிச் சற்றே பொறாமையும் கொள்கின்றோம்.

கணினியில் ஏற்றிய பொருளும் அழியும் என்பதை நாம் பட்டே அறிந்தோம். எட்டாண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில், சுற்றுவட்டத்துச் சிற்றூர்களிலுள்ள ஐயனார் கோயில்களுக்குச் சென்று, நம் முன்னோர் செய்து சுட்டு நிறுத்திய மண்குதிரைகளைக் கைப்பேசியிற் படமெடுத்தோம். இருநூற்றுக்கு மேற்பட்ட படங்கள். வேறோரிடத்தில் படி வைக்க எண்ணி எண்ணி நாள் கடத்தினோம். மழைநாளொன்றில் கைப்பேசி நீரில் விழுந்தது. பழுதுபார்ப்பவர் இரண்டு நாள் வைத்திருந்து கைவிரித்தார். மறுமுறை சென்றபோது, அக்குதிரைகளுட் சில இல்லை. கோயிலைப் புதுப்பித்தார் அவற்றை அகற்றிச் சிமிட்டிக் குதிரைகளை நிறுத்தியிருந்தனர். சுட்ட மண்ணில் இரண்டாயிரமாண்டுக்கு முன் ஒருவர் கீறிய பெயர் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் இன்றும் படிக்கக் கிடக்கின்றது. நாம் எடுத்த படம் ஓராண்டும் நில்லவில்லை! மட்கலம் உடையும் பொருள் என்று நம் தொழிலை ஏளனம் செய்வார்க்கு இவ்விடத்தில் ஒரு விடை உண்டெனினும், கைப்பேசியை நீரில் இட்ட நாம் அதனைச் சொல்லும் தகுதியிழந்தோம்.

பீங்கான் பொம்மைத் தொழிலில் உள்ளார்க்கு நாம் சொல்வது எளிதில் விளங்கும். பொம்மை உடையினும் அச்சு இருப்பின் மீண்டும் வார்க்கலாம். அச்சும் நூற்றுக்கணக்கில் வார்த்தபின் கூர்மை மழுங்கும். அதனால் மூல அச்சினைத் தனியே காத்து, அதிலிருந்து வேறு அச்சு எடுத்தே தொழில் நடத்துவோம். படமும் அங்ஙனமே. எடுத்த மூலத்தை ஓரிடத்தில் தொடாது வைத்து, அதன் படிகளையே பிறர்க்கு அனுப்புதல் வேண்டும். மூன்று படிகள் மூன்று இல்லங்களில் இருத்தல் நன்று. ஒன்று வெளியூரில் இருப்பின் இன்னும் நன்று, வெள்ளம் வந்தால் ஓரூரை முழுதும் கொள்ளுமாதலின். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுதலும் வேண்டும். முன்னாளில் நாம் படிகளைச் சேமித்த மென்தட்டுகளைப் படிக்கும் கருவி இன்று நம் பள்ளியில் இல்லை.

படத்தினும் முதன்மையானது படத்தோடு எழுதும் நான்கு வரி. 1974 என்னும் ஆண்டும் விருத்தாசலம் என்னும் ஊர்ப்பெயரும் எழுதப்படாதிருப்பின், அப்படம் அழகியதொரு சுவரின் படமாக மட்டுமே இருந்திருக்கும். பொருள் யாது, எவ்வூர், யார் இல்லம் அல்லது கோயில், எடுத்த நாள் எது என்னும் நான்கினையும் எழுதுக. அருகில் அளவுகோல் ஒன்றை வைத்து எடுக்க. முன்புறம் மட்டுமன்றிப் பின்புறமும், அழகிய இடம் மட்டுமன்றி உடைந்த இடமும் எடுக்க. இல்லத்துப் பெண்மணிகள் தம் குழந்தைகளை நாள்தோறும் பத்துப் படம் எடுக்கின்றனர். அவற்றுள் ஒன்று, பரணிலுள்ள பழம் பானைக்கும் வாய்க்கட்டும்.

நம் குலத்தார் இல்லங்களில் செப்பேடும் பட்டயமும் மிகுதியாக இராமை உண்மையே. அதனால் நமக்குக் காக்க ஒன்றுமில்லை என்று எண்ணற்க. சக்கரம், அதனைச் சுழற்றும் கோல், பானையைத் தட்டும் பலகை, உட்புறம் தாங்கும் கல், மண் எடுத்த ஏரிக்கு ஊரார் தந்த உரிமைத்தாள், சூளை பிரிக்கும் நாளில் பாடிய பாட்டு, மண்ணின் பதத்திற்கும் சூட்டின் நிறத்திற்கும் நம் தாத்தாமார் வழங்கிய சொற்கள் யாவும் அடைக்கலப் பொருள்களே. சொற்களைப் பற்றி நமக்குத் தனியே கவலை உண்டு. பாட்டையும் சொல்லையும் கைப்பேசியிலேயே குரலாகப் பதியலாம். அதற்குப் பெரும்பொருட் செலவில்லை. அறுபது ஆண்டைக் கடந்த சூளைக்காரர் எத்துணையர் நம்மிடையே உளர் என்பதை அன்பர்கள் தத்தம் தெருவில் எண்ணிக்கொள்க.

சென்ற திங்கள் நாமும் நம் மாணாக்கர் இருவரும் இவ்வேலையை மீண்டும் தொடங்கினோம். முதலிற் சென்றது, மாதொருபாகரை நினைவுகூர்ந்த அந்த மூதாட்டியார் இல்லத்திற்கே. தம் கணவரின் தந்தையார் செய்த களிமண் அச்சு ஒன்றைப் பழந்துணியில் சுற்றி வைத்திருந்தார். கொலுவில் வைக்கும் செட்டியார் பொம்மைக்கு உரிய அச்சு. பின்புறத்தில், ஈரமாக இருக்கும்போது அழுத்தியெடுத்த பெருவிரற் சுவடு சுட்டபின்னும் தெளிவாக நின்றது. அளவுகோலை அருகில் வைத்து முன்னும் பின்னும் படமெடுத்தோம். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, அதனையும் எடுத்தோம். பொருளின் பெயர், ஊர், இல்லம் மூன்றும் எழுதியாயிற்று. செய்த ஆண்டு யாது என்று வினவியபோது அம்மூதாட்டியார் நெடுநேரம் சிந்தித்து, பெரும்புயல் அடித்த வருடத்திற்கு முந்திய தை என்றார். எந்தப் புயல் என்று மாணாக்கர் இருவரும் தம்முள் வாதிட்டுக்கொண்டிருக்க, அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு, அச்சினை மீண்டும் அத்துணியிற் சுற்றி அவர் கையிற் கொடுத்தோம்.